ஒன்பதரை மணி நாடகம்

கேள்வி:

"எங்கள் வீட்டில் கேபிளை நிறுத்தி ஒரு வருசம். டிஷ்ஷையும் கழற்றிக் கொடுத்துவிட்டோம். எல்லாம் போனிலும் யூடியூப்பிலும்தான். கொழும்பில் இன்னும் யாராவது டிவி பார்க்கிறீர்களா? ஐந்து வருசத்தில் டிவி என்று ஒன்று இருக்காது என்பது என் கருத்து."

14.07.2024, ஞாயிறு

பார்க்கிறோம். வெள்ளவத்தையில் எங்கள் ப்ளாட்டில் நாலு பேர், ஒரு டிவி, நாலு போன்.

உங்கள் கருத்தில் பாதியை ஒத்துக்கொள்கிறேன். ஆனால் பார்ப்பது எங்கே குறைந்தது? மகன் சாப்பிடும்போது பார்க்கிறான், டியூஷனுக்குப் போகிற பஸ்ஸில் பார்க்கிறான். இவர் இரவு பதினொரு மணிக்கு ஹெட்போனை மாட்டிக்கொண்டு கொரிய நாடகம் பார்க்கிறார். அம்மாவுக்கு எழுபத்து மூன்று வயது, பெரிய டிவியில் யூடியூப் போடுகிறா. நான் குசினியில் வெங்காயம் வெட்டிக்கொண்டே போனைச் சீனிப் போத்தலில் சாய்த்துவைத்துப் பார்க்கிறேன். எல்லாரும் பார்த்துக்கொண்டேதான் இருக்கிறோம். நாலு பேரும் ஒரே நேரத்தில் ஒரே பக்கம் பார்த்து இருப்பதுதான் போய்விட்டது. அதுதான் எனக்குப் பொறுக்கவில்லை.

1982 பெப்ரவரியில் அரசாங்கத் தொலைக்காட்சியான ரூபவாஹினி தொடங்கியபோது எனக்கு ஏழு வயது. நமக்கு டிவி வந்தது அப்போதுதான். ஜப்பான் தந்த உதவியில் வந்தது என்று அப்பா சொல்வார். எங்கள் வீட்டில் டிவி இல்லை, பக்கத்து வீட்டு மாமியிடம் இருந்தது. பின்னேரம் முகம் கழுவி, பவுடர் போட்டு, கலியாண வீட்டுக்குப் போவதுபோல் போவோம். முன்னால் நாங்கள் வெறுஞ் சீமெந்தில், பின்னால் பாயில் பெண்கள், அதற்கும் பின்னால் கதிரையில் ஆண்கள். தமிழில் வருவது கொஞ்ச நேரம். மிச்சம் விளங்கினாலும் விளங்காவிட்டாலும் மாமி சுவிச்சை நிற்பாட்டும்வரை எழும்பமாட்டோம். நிற்பாட்டினதும் திரைக்கு நடுவில் ஒரு வெள்ளைப் புள்ளி சுருங்கிச் சுருங்கிப் போகும். அது மறைந்த பிறகுதான் வீட்டுக்குப் போவோம்.

16.07.2024

மேலே எழுதியதைத் திருத்த வேண்டும். "டிவி வந்தது 1982" என்று எழுதிவிட்டேன். ரூபவாஹினி வந்ததுதான் 1982. அதற்கு முன்பே, 1979 ஏப்ரல் 13ஆம் திகதி, புதுவருசத்துக்கு முதல் நாள், சுயாதீனத் தொலைக்காட்சி தொடங்கிவிட்டது. தனியார் முயற்சியாகத் தொடங்கி அதே வருசம் அரசாங்கத்தின் கைக்குப் போனது. முதலில் கொழும்பிலும் அதைச் சுற்றியும்தான் எடுபட்டது. அம்மாவிடம் கேட்டேன். "நாங்கள் அப்ப ரேடியோதானே பிள்ளை" என்றா.

21.07.2024

அம்மா யூடியூப்பில் நாடகம் பார்க்கிற விதத்தை எழுதவேண்டும் என்று ஒரு கிழமையாக நினைத்துக்கொண்டிருந்தேன்.

அவ பார்க்கிறது சென்னை சீரியல். அந்தச் சனலின் செயலி புது எபிசோட்டை எங்கள் நாட்டில் காட்டாது. "உங்கள் பகுதியில் கிடைக்காது" என்று கறுப்புத் திரை வரும். அதனால் யாரோ ஏற்றிவிடுகிற களவுப் பிரதியைப் பார்க்கிறா. உரிமைக்காரர் கண்டுபிடிக்கக்கூடாதென்று ஏற்றுகிறவர்கள் படத்தை இடம் வலமாகத் திருப்பிவிடுகிறார்கள். யூடியூப்பில் மற்றவர் படத்தைக் கண்டுபிடிக்கிற இயந்திரம் 2007 முதல் இருக்கிறது. அதை ஏய்க்கத்தான் இந்த வேலை. குரலையும் கொஞ்சம் கீச்சாக்கிவிடுவார்கள்.

ஒருநாள் அம்மா கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டுச் சொன்னா: "பிள்ளை, இவள் ஏன் முந்தானையை வலப்பக்கம் போட்டிருக்கிறாள்?" நான் பார்த்தேன். முந்தானை வலத் தோளில். மாப்பிள்ளை இடக்கையால் சோறு குழைக்கிறான். சுவரில் மாட்டியிருந்த கலண்டரில் எழுத்தெல்லாம் தலைகீழ் இல்லை, பக்கம் மாறிக் கிடக்கிறது. விளங்கப்படுத்தினேன். கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டு, "அப்ப நான் ரெண்டு மாசமா கண்ணாடிக்குள்ளயா பாத்தனான்?" என்றா.

பாவமாக இருந்தது. உரிய காசைக் கட்டி நேரான படம் பார்க்க ஆசைதான், கட்டுவதற்கு எங்களுக்கு ஒரு வழி திறந்துவிடவில்லையே. நெட்ஃபிளிக்ஸ் 2016 ஜனவரியில் ஒரே நாளில் 130 நாடுகளுக்கு மேல் போனபோது எங்களுக்கும் சேர்த்துத்தான் திறந்தது. அமெரிக்காவிலிருந்து வருகிற படம் நேராக வருகிறது. கடலுக்கு அந்தப் பக்கம், தலைமன்னாரிலிருந்து கூப்பிடு தூரத்தில் இருக்கிற தமிழ்நாட்டுப் படம் பக்கம் மாறி வருகிறது.

28.07.2024

இது தலைப்பிலிருந்து விலகித்தான் போகிறது, ஆனால் "ஒன்றாகப் பார்ப்பது" என்று எழுதினதிலிருந்து நினைவு ஓடிக்கொண்டிருக்கிறது.

83 இனக்கலவரத்துக்குப் பிறகு நாங்கள் யாழ்ப்பாணம் போய்விட்டோம். அங்கே உயரக் கம்பத்தில் அன்டெனா கட்டினால் தூரதர்ஷன் வரும். காற்றுக்குக் கம்பம் திரும்பிவிடும். ஒருவர் முற்றத்தில் நின்று திருப்ப, இன்னொருவர் யன்னலடியில் நின்று "வருகுது, வருகுது, ஐயோ போட்டுது" என்று கத்துவார். 1990இல் கரண்ட் போனது. கொக்காவில் ஒளிபரப்புக் கோபுரமும் அந்த வருசம்தான் அழிந்தது. அது திரும்ப எழும்ப 2011 ஆனது.

கரண்ட் இல்லாத வருசங்களில் டிவியும் வீடியோ டெக்கும் ஜெனரேட்டரும் வாடகைக்கு எடுப்போம். ஆளுக்குக் கொஞ்சமாகக் காசு சேர்த்து, ஒரு இரவுக்கு மூன்று படம். மண்ணெண்ணெய் முடிந்தால் படமும் முடிந்தது. மூன்றாவது படம் பாதியில் நின்று, இருட்டில் அறுபது எழுபது பேர் அப்படியே இருந்ததை நான் மறக்கமாட்டேன். கதையின் முடிவைத் தெரிந்தவர் ஒருவர் இருந்தார். அவர்தான் மிச்சத்தைச் சொன்னார். எல்லாரும் கேட்டுவிட்டு எழும்பிப் போனோம்.

05.08.2024, திங்கள்

நேற்றைய மட்ச் பற்றி எழுதாமல் இருக்க முடியாது.

தம்பி வீடு கிராண்ட்பாஸில். கெத்தாராம மைதானம் அவன் வீட்டிலிருந்து ஒரு கிலோமீற்றர் வராது. இலங்கை எடுத்த 240ஐ இந்தியா துரத்துகிறது, விக்கெட் போகாமல் 97. தம்பி போனில் ஓடவிட்டு மேசையில் வைத்திருந்தான், சுற்றி ஆறு தலை. கீழ்வீட்டில் டிவி. நாங்கள் பார்த்துக்கொண்டிருக்க, போனில் எங்கள் பந்துவீச்சாளர் வன்டர்சே இன்னும் பந்தை எடுத்துக்கொண்டு நடந்துவருகிறார். வெளியே வானமே இடிந்த மாதிரி ஒரு சத்தம். மைதானம். கொஞ்சம் பொறுத்துக் கீழ்வீட்டுப் பிள்ளைகள் கத்துகிறார்கள். எங்கள் போனில் அவர் இன்னும் ஓடத் தொடங்கவில்லை! பிறகுதான் ரோஹித் சர்மா அடிக்கிறார், நிசங்க பாய்ந்து பிடிக்கிறார். நாங்கள் ஆறு பேரும் கத்தவேண்டிய இடத்தில் "ஆ, இதுதானா" என்று இருந்தோம்.

வன்டர்சே ஆறு விக்கெட், 33 ஓட்டம். முதல் ஆறு விக்கெட்டும் அவருக்கே. ஆறுக்கும் அப்படித்தான். முதலில் மைதானம், அடுத்தது கீழ்வீடு, கடைசியில் நாங்கள். கோலி ஆட்டமிழந்ததை நான் யன்னலால் கேட்டேன், திரையில் பார்க்கவில்லை என்றே சொல்லவேண்டும்.

தம்பியிடம் சொன்னேன், உன்னுடைய நெட் மெதுவாக இருக்கிறது, பெக்கேஜை மாற்று என்று.

06.08.2024

மேலே உள்ளதற்குத் திருத்தம். தம்பி நெட் கம்பனி ஒன்றில் முன்பு வேலை செய்தவன். நேற்றிரவு எடுத்து விளங்கப்படுத்தினான். நெட் எவ்வளவு வேகமாக இருந்தாலும் அந்தத் தாமதம் வரும். நேரலையை ஒரு ஆற்றோட்டமாக அனுப்புவதில்லை. ஆறு வினாடி, ஆறு வினாடித் துண்டுகளாக வெட்டி அனுப்புகிறார்கள். இடையில் தடங்கல் வந்தாலும் படம் நிற்கக்கூடாதென்று போன் மூன்று துண்டுகளையாவது கையில் வைத்துக்கொண்டுதான் ஓட்டத் தொடங்கும். வெட்டுகிற நேரம், சுருக்குகிற நேரம், சேர்வர்களுக்குப் போகிற நேரம் எல்லாம் கூட்டினால் அரை நிமிசத்துக்குக் கிட்ட வந்துவிடும்.

கீழ்வீட்டு டிஷ்ஷுக்கு வருகிற படம் 36,000 கிலோமீற்றர் உயரத்துக்குப் போய் வருகிறது, அதற்குக் கால் வினாடிதான் போகிறது. மற்ற வேலைகளையும் சேர்த்தால் சில வினாடி. மைதானத்துச் சத்தம் ஒரு கிலோமீற்றர் நடந்துவர மூன்று வினாடி. ஆகவே காதுதான் வென்றது.

இதைக் கேட்டபிறகு எனக்குக் கவலை கூடிவிட்டது. முன்பெல்லாம் கிரிக்கெட் நாளில் எங்கள் காலி வீதியில் (Galle Road) நடந்துபோனால் கடைக்குக் கடை ஒரே வினாடியில் ஒரே சத்தம் வரும். இப்போது ஒரே மாடிக்கட்டடத்தில் ஒவ்வொரு வீட்டிலும் ஒவ்வொரு நேரத்தில் விக்கெட் விழுகிறது. சந்தோசப்படுவதற்கும் ஒன்றாக முடியவில்லை.

08.08.2024

நேற்றும் போனோம். போனை அணைத்துவிட்டு ஆறு பேரும் கீழ்வீட்டுக்கே போய்விட்டோம். அந்த அக்கா கதிரை போட்டு, கடலை அவித்துத் தந்தா. வெல்லாலகே ஐந்து விக்கெட். இந்தியா 138. ஒருநாள் தொடரில் இந்தியாவை வென்றது 1997க்குப் பிறகு இப்போதுதான். சரியான நேரத்தில் கத்தினோம். எனக்கு இன்னும் தொண்டை அடைத்திருக்கிறது.

25.08.2024

டிவி பார்த்துப் பிள்ளைகளின் தமிழ் மாறுகிறதா என்று பிறகு கேட்டிருந்தீர்கள். என் மகன் "செம", "சூப்பரா பண்ணிட்டாங்க" என்றெல்லாம் பேசுகிறான். நான் "கதைக்கிறன்" என்றால் அவன் "பேசுறேன்" என்கிறான். முதலில் டிவியைத்தான் திட்டினேன். சென்னைச் சனல்கள் டிஷ் வழியாக வீட்டுக்குள் வந்து எத்தனையோ வருசம். யோசித்துப் பார்த்தால், எங்கள் சனல்களும் இருந்தன. சக்தி 1998இல் வந்தது, வசந்தம் 2009இல் வந்தது, ரூபவாஹினியின் நேத்ரா இருக்கிறது. செய்தி எங்கள் செய்தி. ஆனால் நாடகம் என்று வந்தால் பெரும்பாலும் இறக்குமதிதான். சொந்தமாக நாடகம் எடுக்கப் பணம் வேண்டும், விளம்பரம் வேண்டும், சந்தை சின்னது. அந்தக் கணக்கு எனக்கு விளங்குகிறது. விளங்கினாலும் ஆற்றாமை போகவில்லை. எங்கள் பேச்சைத் திரையில் கேட்காமலே ஒரு தலைமுறை வளர்ந்துவிட்டது.

அம்மாவின் ரிமோட்டில் மைக் உண்டு. அதை அழுத்தி "நேற்றையான் நாடகத்தைப் போடு" என்றா. அது எதையோ தேடி ஒரு சமையல் வீடியோவைக் கொண்டுவந்தது. மூன்று தரம் முயன்றா. நாலாம் தரம் நிமிர்ந்து இருந்து, செய்தி வாசிக்கிறவர் மாதிரி நாடகத்தின் பெயரை எழுத்தெழுத்தாகச் சொன்னா. வந்துவிட்டது. அன்றிலிருந்து ரிமோட்டோடு மட்டும் அம்மா வேறு தமிழ் கதைக்கிறா. எழுபத்து மூன்று வயதில் ஒரு கருவிக்காக நாக்கை மாற்றவேண்டியிருக்கிறது.

ஆனால் இதே யூடியூப்பில்தான் மகன் போன மாதம் ஒரு பொடியனின் வீடியோவைக் காட்டினான். பருத்தித்துறைப் பக்கம், ஒடியல் கூழ் காய்ச்சுகிறான். எங்கள் ஊர்த் தமிழ், ஒரு சொல் மாறாமல். "உப்புக் காணுமோ எண்டு ஒருக்கா நாக்கில வைச்சுப் பாருங்கோ" என்கிறான். மகன் அதை மூன்று நாள் சொல்லிக்கொண்டு திரிந்தான். எந்த டிவி நிலையம் அந்தப் பொடியனுக்கு அரை மணித்தியாலம் கொடுத்திருக்கும்? அதனால் இந்த விசயத்தில் இணையத்தைக் குறைசொல்ல எனக்கு வாய் வரவில்லை.

விளம்பரம் பற்றி ஒரு வரி. சென்னை நாடகத்துக்கு நடுவில் யூடியூப் சிங்கள விளம்பரம் போடுகிறது, நாங்கள் இருக்கும் இடத்தைப் பார்த்து. அம்மாவுக்கு ஒரு சவர்க்கார விளம்பரத்தின் பாட்டு முழுக்கப் பாடம்.

23.09.2024

சனி இரவு பத்து மணியிலிருந்து ஊரடங்கு, ஞாயிறு மத்தியானம் வரை நீடித்தார்கள். எல்லாரும் வீட்டில். ஜனாதிபதித் தேர்தல் முடிவு.

வெகு காலத்துக்குப் பிறகு நாலு பேரும் ஒரே பக்கம் பார்த்தோம். டிவியில் மாவட்டம் மாவட்டமாக முடிவு வந்தது. மகன் போனில் அதற்கு முன்பே முடிவுகளைச் சொல்லிக்கொண்டிருந்தான். சனி பின்னேரம், வாக்கெண்ணத் தொடங்குமுன்னமே, ஒரு படத்தைக் காட்டினான். டிவிச் சனலின் இலச்சினை, வேட்பாளர் படம், வீதக் கணக்கு எல்லாம் உண்டு. யாரோ செய்த பொய். அவன் அதை ஐந்து பேருக்கு அனுப்பியும்விட்டான். ஐந்து பேருக்கும் "பிழை" என்று திரும்ப எழுதவைத்தேன். அழுவான்போல் இருந்தான், ஆனாலும் எழுதினான்.

யாருக்கும் பாதிக்கு மேல் வாக்கு வராததால் இரண்டாம் விருப்பு வாக்கை எண்ணப்போகிறார்கள் என்று அறிவித்தபோது அம்மா கேட்டா, அப்படி முன்பு நடந்ததா என்று. நடந்ததில்லை, இதுதான் முதல் தரம். டிவியில் ஒருவர் அதைத் தமிழில் ஆறுதலாக விளங்கப்படுத்தினார். அந்த நேரத்தில் போனில் வந்ததெல்லாம் கத்தல்.

இதை எழுதும்போது 2022 பொருளாதார நெருக்கடி நினைவு வருகிறது. அப்போது தலைகீழ். மார்ச் கடைசியில் 13 மணித்தியாலம் கரண்ட் இல்லை, டிவி கறுப்புப் பெட்டி. போன்தான் உயிர். ஏப்ரல் 3ஆம் திகதி சமூக ஊடகங்களை முடக்கினார்கள், அன்று போனும் வாயை மூடியது. யூலை 13, ரூபவாஹினிக்குள் போராட்டக்காரர் போய் ஒளிபரப்பு கொஞ்ச நேரம் நின்றது. டிவி நின்றதை நாங்கள் போனில் பார்த்தோம். அந்த வருசம் எனக்குப் படிப்பித்தது, இரண்டில் ஒன்றை மட்டும் நம்பி வீட்டில் இருக்கக்கூடாது. கேபிளை வெட்டிய நண்பருக்கு இதைத்தான் சொல்வேன்: ஒரு சாதாரண அன்டெனாவையாவது கூரையில் விட்டுவையுங்கள்.

06.10.2024

யூலையில் நான் எழுதிய முதல் குறிப்பை இன்று திரும்ப வாசித்தேன். "ஒரே நேரத்தில் ஒரே பக்கம் பார்ப்பது போய்விட்டது" என்று அடித்துச் சொல்லியிருக்கிறேன். என் வீட்டுக்குள்ளேயே அது பிழை. இத்தனை நாளும் கண்ணுக்கு முன்னால் இருந்ததைக் கவனிக்கவில்லை.

அம்மா நாடகம் பார்க்கிறது இரவு ஒன்பதரைக்கு. எபிசோட் ஏற்றப்படுவது அதற்கு முன்பே. விரும்பிய நேரம் பார்க்கலாம் என்று நூறு தரம் சொல்லியிருக்கிறேன். கேட்கமாட்டா. ஒன்பதரைதான். நானும் பழைய பழக்கம் என்று விட்டுவிட்டேன்.

நேற்று இவவின் அறைக்குள் போனேன். டிவியில் படம் நிறுத்தியிருக்கிறது. மடியில் போன், போனில் பெரியம்மா. ஸ்காபரோவில் அவவுக்கு அப்போது மத்தியானம் பன்னிரண்டு. ரொறன்ரோவுக்கும் கொழும்புக்கும் ஒன்பதரை மணித்தியாலம். பெரியம்மா மத்தியானச் சமையலை முடித்து, தட்டோடு வந்து இருக்கிறா. அம்மா சொல்கிறா: "அக்கா, ஒண்டு, ரெண்டு, மூண்டு." இரண்டு பேரும் ஒரே நேரத்தில் அமர்த்துகிறார்கள். நாடகம் ஓடுகிறது. இங்கே விளம்பரம் வந்தால் அங்கே பெரியம்மா நிற்பாட்டுகிறா. பிறகு திரும்ப "ஒண்டு, ரெண்டு, மூண்டு."

95இல் யாழ்ப்பாணமே இடம்பெயர்ந்தபோது பிரிந்த இரண்டு பேர். அதற்குப் பிறகு நேரில் கண்டது இரண்டு தரம். முற்றத்தில் பாய் போட்டு ஒன்றாகப் படம் பார்த்தவர்கள். எவ்வளவு நாளாக இப்படி என்று கேட்டேன். "கொரோனா நேரம் துடங்கினது" என்றா. நாலு வருசம்! பக்கத்து அறையில் நான்.

டிவி எங்களைச் சேர்த்துவைத்தது என்று எழுதிக்கொண்டிருந்தேன். பெரியம்மாவையும் அம்மாவையும் எந்த டிவி நிலையமும் சேர்த்துவைக்கவில்லை. கண்ணாடிக்குள் பார்க்கிற மாதிரி ஒரு களவுப் பிரதியும் ஒரு போனும் சேர்த்துவைத்தன. முதல் குறிப்பை அழிக்கவில்லை. அப்படி நினைத்தேன், இருக்கட்டும்.

05.11.2024

ஞாயிற்றுக்கிழமை கனடாவில் மணியைப் பின்னுக்குத் தள்ளிவிட்டார்கள். இனி வித்தியாசம் பத்தரை. இங்கே ஒன்பதரை என்றால் அங்கே பதினொன்று. பெரியம்மாவுக்குத் திங்களும் புதனும் பதினொன்றுக்கு முதியோர் மண்டபத்தில் உடற்பயிற்சி. மற்ற நாள் பரவாயில்லை. அந்த இரண்டு நாளும் அம்மா பத்தரைவரை முழித்திருக்க வேண்டும். பத்துக்கே கண் சொருகுகிற ஆள்.

குளிர்சாதனப் பெட்டியில் ஒட்டியிருந்த பழைய துண்டை எடுத்துவிட்டு, கலண்டர் தாளின் பின்பக்கத்தில் பெரிய எழுத்தில் புதிதாக எழுதி ஒட்டியிருக்கிறா: திங்கள், புதன் 10.30. மற்ற நாள் 9.30. நேற்று திங்கள். பிளேன்டீ பிளாஸ்கில் ஊற்றிவைத்தா. அப்படியும் பத்தே காலுக்குத் தலை சாய்ந்துவிட்டது. போன் அடித்தது, நான் எழும்புமுன் மகன் போய் எடுத்துவிட்டான்.

"பெரிய அம்மம்மா, அம்மம்மா நித்திரை. எழுப்பட்டோ?"

எழுப்பினான். டிவியைச் சரிசெய்து ரிமோட்டை அவவின் கையில் வைத்துவிட்டு, ஒண்டு, ரெண்டு, மூண்டு சொன்னதும் அவன்தான். தன் போனை எடுத்துக்கொண்டு அறைக்குப் போவான் என்று பார்த்துக்கொண்டிருந்தேன். கட்டில் விளிம்பில் இருந்து, அந்தப் பெண் ஏன் வலத் தோளில் முந்தானை போட்டிருக்கிறாள் என்று கேட்டான். அம்மாவும் ஸ்காபரோவில் பெரியம்மாவும் ஒரே நேரத்தில் விளங்கப்படுத்தத் தொடங்கினார்கள்.